சீலிங் ஸ்பீக்கருக்கு பேக் பொக்ஸ் பொருத்துவது எப்படி?

காத்தான்குடியில் ஒரு புடவைக் கடை, கல்முனையில் ஒரு சனலிங் சென்டர், மட்டக்களப்பில் ஒரு வங்கிக் கிளை என்று எங்கே போனாலும் சீலிங்கில் வட்ட ஸ்பீக்கர் இருக்கும். கீழிருந்து பார்த்தால் வெள்ளை வலை மட்டும்தான் தெரியும். பக்கத்துப் பலகையைத் தூக்கி டோர்ச் அடித்துப் பாருங்கள். பல கட்டடங்களில் காந்தமும் கூம்பும் அப்படியே திறந்து கிடக்கும். மேலே கூரைச் சூடு, எலி, அணில், பல்லி. மார்கழி மழைக்கு ஒழுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் கரையோரத்து உப்புக் காற்று.

இந்தப் பின்பக்கத்தை மூடும் தகரப் பெட்டிதான் பேக் பொக்ஸ். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவதும் இதுதான். என்னைக் கேட்டால், ஸ்பீக்கரின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தாவது பெட்டியை வாங்குங்கள். தூசியையும் எலியையும் தடுப்பதோடு, அது சத்தத்தையும் அடைத்து வைக்கிறது. சனலிங் சென்டர்களில் அறைச் சுவர் சீலிங் வரைக்கும்தான் எழும்பியிருக்கும். அதற்கு மேலே எல்லாம் ஒரே வெளி. திறந்த ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் அந்த வெளி வழியாகப் போய் டொக்டரின் அறைக்குள் இறங்கும்.

1. பெட்டியைத் தெரிவு செய்யுங்கள்

ஸ்பீக்கரின் விவரத்தாளில், அதற்கு எத்தனை லீற்றர் கொள்ளளவுள்ள பெட்டி வேண்டும் என்று இருக்கும். அதைவிடச் சிறியதைப் போட்டால் அடிச்சத்தம் (பேஸ்) மெலிந்து, குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். நாகம் (சிங்க்) பூசிய இரும்பு, அதன்மேல் பவுடர் கோட்டிங் உள்ளதாகப் பாருங்கள். வெட்டிய விளிம்பிலும் கீறலிலும்தான் துரு தொடங்கும், அந்த இடங்களுக்குத் துரு தடுக்கும் பெயின்ற் அடியுங்கள். ஸ்குரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

தீ விபத்தில் ஆட்களை வெளியேறச் சொல்லும் அறிவிப்பும் இதே ஸ்பீக்கரில் வருமென்றால் சாதாரணப் பெட்டி போதாது. தீ அறிவிப்பு ஸ்பீக்கருக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 54-24 சான்று உள்ள ஸ்பீக்கரும் இரும்புத் தீக்கவசமும் வேண்டும்.

2. துளை வெட்டுங்கள்

அம்ப்ளிபயரை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். அதிலிருந்து ஸ்பீக்கர்களுக்கு வரும் நூறு வோல்ட் லைன் விளையாட்டல்ல. பலகையைக் கீழே இறக்கி, ஸ்பீக்கருடன் வரும் அட்டை அச்சை நடுவில் வைத்துக் கோடு போட்டு வெட்டுங்கள். மாஸ்க் கட்டாயம்.

3. பாரத்தைத் தாங்க வையுங்கள்

ஆட்கள் அதிகம் பிழை விடுவது இங்கேதான். இரண்டடிக்கு இரண்டடி நார்ப்பலகை ஈரத்தில் இளகும். பெட்டியின் எடையை அதன்மேல் விட்டால் நடுவில் தொய்ந்துவிடும். அதனால் டைல் பிரிட்ஜ் எனும் இரண்டு உலோகத் தண்டுகளைப் பலகையின் முதுகில் குறுக்காகப் போட்டு, அவற்றின் முனைகளை பலகைகளைத் தாங்கும் சட்டமான டீ பாரில் இரண்டு பக்கமும் உட்கார வையுங்கள். பாரம் இப்போது பலகையில் இல்லை, சட்டத்தில்.

அத்தோடு நிறுத்தக் கூடாது. பெட்டியின் கொளுவியிலிருந்து ஒரு இரும்புக் கம்பிவடத்தை எடுத்து மேலே கொங்கிரீட் தட்டிலோ, கைமரத்திலோ, கூரையைத் தாங்கும் இரும்புப் பரலினிலோ தனியாகக் கட்டுங்கள். சீலிங் சட்டத்தைத் தூக்கிப் பிடிக்கும் கம்பியில் கட்ட வேண்டாம். சட்டம் விழுந்தால் இதுவும் சேர்ந்து விழும். கீழே பிள்ளையோடு ஒரு தாய் வரிசையில் நிற்பார் என்று நினைத்துக்கொண்டு கட்டுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அந்தச் சீற்றில் துளை போடவே வேண்டாம், அந்தத் தூள் சுவாசப்பைக்குக் கேடு.

4. வயரை உள்ளே எடுங்கள்

பக்கத் துளை வழியாக எடுங்கள். நுழையும் இடத்துக்குக் கீழே வயர் சற்றுத் தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போக வேண்டும். ஒழுக்குத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். துளையில் கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கும் மூடி) போட்டு இறுக்குங்கள், பாவிக்காத துளைகளை மூடுங்கள். எலிக்குட்டிக்கு ஒரு விரல் அகல ஓட்டை தாராளம்.

உள்ளே கம்பியை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். கூரைச் சூட்டில் பசை இளகி டேப் கழன்று, உப்பு ஈரத்தில் செம்பு பச்சை பிடிக்கும். பிறகு "ஒரு ஸ்பீக்கர் மட்டும் விட்டுவிட்டுக் கேட்குது" என்று கடைக்காரர் கூப்பிடுவார். ஸ்குரூ கனெக்டரில் இறுக்குங்கள்.

5. வாட்ஸைத் தெரிவு செய்து மூடுங்கள்

ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் எடுக்க வேண்டும் என்று தெரிவு செய்யும் இடம்தான் ட்ரான்ஸ்போமரின் டெப். பெட்டியை மூடுவதற்கு முன்பே அதை வையுங்கள். எட்டு ஸ்பீக்கரை 6 வாட்ஸில் வைத்தால் மொத்தம் 48. அதற்கு 60 வாட்ஸ் அம்ப்ளிபயர் சரி, 50 வாட்ஸில் ஓட்டினால் மூச்சு முட்டும். ஓரத்து ரப்பர் பட்டி மடங்காமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து ஸ்பீக்கரை இறுக்குங்கள். அந்தப் பட்டி ஒரு இடத்தில் மடிந்திருந்தாலும் தகரம் கிணுகிணுக்கும்.

அப்புறம் ஆண் குரலில் ஒரு அறிவிப்பைப் போட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கரின் கீழும் நின்று கேளுங்கள். அதிர்வு கேட்டால் முதலில் கம்பிவடம் பெட்டியில் உரசுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால், பலகையை மூடுவதற்கு முன் பெட்டியின் பக்கவாட்டில் டெப் எத்தனை வாட்ஸ், எந்த லைன், எந்தத் திகதி என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை மேலே ஏறுபவர் வேறு ஒருவராக இருக்கலாம்.