உகாண்டா போகும் முன் பைனாகுலரைக் காப்பாற்றியது

சிம்பன்சிகளைக் கவனிக்க உகாண்டாவின் கிபாலே காட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், என் பைனாகுலர் லென்ஸில் பூஞ்சை படர்ந்திருந்தது. ராயபுரத்துக் கடற்காற்று அப்படி. சரி, கடையில் சுத்தம் செய்தாயிற்று. ஆனால் மழைக்காட்டில் மறுபடி வருமே? அதனால் வைக்கும் இடத்தை மாற்றினேன்.

ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுத்தேன். சென்னை நைனியப்ப நாயக்கன் தெருவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் வாங்கினேன். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும், உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிறத்தைக் கேட்டு வாங்குங்கள். ஈரத்தைக் குடித்ததும் அது பச்சையாகும். பருத்திப் பையில் கட்டி உள்ளே வைத்தேன். பச்சையானதைப் பழைய இரும்புச் சட்டியில் மிதமான சூட்டில் வறுத்தால் ஆரஞ்சு திரும்பிவிடும். முகாமில் கரி அடுப்பே போதும். அந்தச் சட்டியில் அப்புறம் சமைக்கவே கூடாது. உள்ளே சின்ன ஈரப்பதமானியும் வைத்தேன். 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை வளராது. நனைந்த கருவியைத் துடைத்து உலர்த்திய பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். முகக்கவசமும் நிறைய வேண்டும்: நமக்கு வரும் சாதாரணச் சளி சிம்பன்சிகளைக் கொன்றிருக்கிறது.