பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சட்டப் படிப்பு: உதவித்தொகை வாங்கும் வழி

காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருப்பதால் விடுதிச் செலவு பலருக்கு மிச்சம். மற்ற செலவுக்கு, முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு தரும் பிரதமர் உதவித்தொகை இருக்கிறது. முன்னாள் படைவீரரின் மகளுக்கு மாதம் 3,000 ரூபாய், மகனுக்கு 2,500. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வங்கிக் கணக்கில் ஏறும். ஐந்தாண்டுப் படிப்பு முழுவதும் கிடைத்தால் மகளுக்கு 1,80,000 ரூபாய்.

ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூவிலும், மூன்றாண்டுப் படிப்புக்கு டிகிரியிலும் 60 சதவீதம் வேண்டும். முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். இரண்டாம் ஆண்டில் போய்க் கேட்டால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். 60 வாங்கிவிட்டால் உறுதி என்றும் எண்ண வேண்டாம். போரில் உயிர்நீத்தவர், ஊனமுற்றவர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. மீதி இடங்கள் மதிப்பெண் வரிசைப்படி.

விண்ணப்பம் போர்டின் இணையதளத்தில்தான். படைவீரர் சான்று, கல்லூரியின் போனஃபைடு (அங்கே படிக்கிறார் என்ற சான்று), வங்கிச் சான்று மூன்றையும் போர்டு கொடுத்திருக்கும் படிவத்திலேயே வாங்குங்கள். கல்லூரி தன் லெட்டர்பேடில் எழுதித் தந்தால் செல்லாது. வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதார் இணைத்து இருக்க வேண்டும். பிறகு அசல்களோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு சிவகங்கை. கோனாபட்டு, ராயவரம் என்றால் புதுக்கோட்டை. செட்டிநாடு ஒன்றுதான், மாவட்டம் இரண்டு. தவறான அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் வீண்.

அதிகம் பேர் மாட்டுவது பெயரில். படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ‘முத்துக்கருப்பன்’, மகளின் பிளஸ் டூ சான்றிதழில் தந்தை பெயர் ‘எம். கருப்பன்’ என்றிருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும். பிள்ளையின் பிறப்பு, படைவீரரின் குடும்ப விவரம் ஏறும் பார்ட் டூ ஆர்டரில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பிளஸ் டூ படிக்கும்போதே பாருங்கள். படைவீரரின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் திருத்தி வர மாதக்கணக்கில் ஆகலாம்.

கிடைத்த பிறகு ஆண்டுதோறும் 50 சதவீதத்தைக் காப்பாற்றினால்தான் புதுப்பிப்பார்கள்.

ஓய்வு பெற்றவர் தாமே வக்கீலாக நினைத்தால் இந்தத் தொகை அவருக்கு இல்லை; பிள்ளைகளுக்கும் படைவீரர்களின் விதவைகளுக்கும் மட்டுமே. பதினைந்து ஆண்டு சேவைக்குத் தரும் பட்டப்படிப்பு இணைச் சான்றை நம்பி மூன்றாண்டு சட்டத்துக்குப் போகவும் முடியாது. அது குரூப் சி அரசு வேலைக்கானது. சட்டப் படிப்புக்கு விதி வகுக்கும் பார் கவுன்சில் கேட்பது பத்து, பிளஸ் டூ முடித்து வாங்கிய பல்கலைக்கழக டிகிரியை.