தண்டவாளம் முடியும் இடத்தில் சுவரைத் தேடாதீர்கள்: பஃபர் ஸ்டாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1991 ஜனவரி 8. லண்டன் கேனன் ஸ்ட்ரீட் நிலையத்துக்குள், காலை நெரிசலில், ஒரு மின்சார ரயில் வந்து பாதை முடியும் இடத்தில் இருந்த பஃபர் ஸ்டாப் என்ற தடுப்பில் மோதியது. வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர்தான். சைக்கிளை அழுத்தி மிதித்தால் அதைவிட வேகமாகப் போகலாம். ஆனாலும் 2 பேர் இறந்தார்கள், 500 பேருக்கு மேல் காயம். பெட்டிகள் பழையவை என்பது ஒரு காரணம். இன்னொன்று, கடைசி நிலையம் வந்துவிட்டதே என்று பலர் இருக்கையை விட்டு எழுந்து கதவோரம் நின்றிருந்தார்கள். முனைய நிலையத்துக்குள் நுழையும் எந்த ரயிலிலும் இதுதான் நிலைமை. நடுவழியில் உட்கார்ந்து வருபவர்கள், மோதல் நடக்கக்கூடிய அந்த ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.

பஃபர் ஸ்டாப் பற்றிப் பேசத் தொடங்கினால் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு கெட்டியானது?" என்றுதான். கேட்க வேண்டியது, "எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கும்?" என்று. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்திலிருந்து கிளைப்பவை.

கெட்டியாகக் கட்டினால் போதும் என்று நினைப்பது

400 டன் ரயில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். அதன் இயக்க ஆற்றல் சுமார் 1.5 மெகாஜூல். இதை எங்காவது செலவழித்தே ஆக வேண்டும். அசையாத கான்கிரீட் தடுப்பில் மோதி, பெட்டி முனையில் அதிர்வைத் தாங்கும் பஃபரும் முகப்பும் நசுங்கி 10 சென்டிமீட்டருக்குள் நின்றால், சராசரி விசை 1,500 டன்னைத் தாண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு அது புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு உதறல். அதே ரயில் 5 மீட்டர் தூரத்தில் மெதுவாக நின்றால் விசை சுமார் 31 டன். வேகம் குறைவது ஒரு வினாடிக்கு 0.8 மீ/வி என்ற அளவில். மெட்ரோ ரயில் தினமும் போடும் பிரேக்கே கிட்டத்தட்ட 1 மீ/வி² இருக்கும். ஆக, நிற்பவர் கம்பியைப் பிடித்திருந்தால் தள்ளாடுவார், அவ்வளவுதான்.

மேலே போட்டது மொத்த ரயிலையும் ஒரே கட்டையாக எடுத்துக்கொண்ட கணக்கு. நிஜத்தில் பெட்டிகளுக்கிடையே உள்ள இணைப்பும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், பின்பெட்டிகள் சற்றுத் தாமதமாகத்தான் முட்டும். இருந்தாலும் 10 செ.மீ.க்கும் 5 மீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நெளிவுசுளிவு அழித்துவிடாது.

விட்டுக்கொடுக்கும் தடுப்புகளில் இரண்டு வகை முக்கியம். ஒன்று நகரும் வகை. தண்டவாளத்தின் தலையை, அதாவது சக்கரம் ஓடும் மேல்பகுதியை, கவ்விகள் இறுகப் பிடித்திருக்கும். ரயில் மோதியதும் மொத்தச் சட்டமும் தண்டவாளத்தின் மேல் உரசிக்கொண்டே பின்னால் வழுக்கும். இன்னொன்று ஹைட்ராலிக் வகை. உருளைக்குள் இருக்கும் பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளை வழியாகத் தள்ளி ஆற்றலைச் சூடாக்கித் தீர்க்கும், பிறகு தானே பழைய இடத்துக்குத் திரும்பும். ஹைட்ராலிக் உருளை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு அக்கம்பக்கம்தான். அதனால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, சின்ன முட்டலுக்கு உருளையும் பெரிய மோதலுக்கு வழுக்கலுமாக அமைப்பதும் உண்டு.

ஒரே ஒரு எடையை வைத்துக் கணக்குப் போடுவது

வேகத்தில் தவறு செய்பவர்களை எளிதாகப் பிடித்துவிடலாம். 10 கி.மீ.க்கு 5 மீட்டர் என்றால் 20 கி.மீ.க்கு 10 மீட்டர் என்று சொல்வார்கள். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது 20 மீட்டர். 15 கி.மீ.க்கே 11 மீட்டருக்கு மேல் வேண்டும்.

எடையில் நடக்கும் தவறு அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. ஏனென்றால் அது 'பாதுகாப்பான பக்கம்' நிற்பது போலத் தெரியும். அந்தப் பாதையில் வரக்கூடிய மிகக் கனமான ரயிலை எடுத்துக்கொண்டு, அதை நிறுத்தும் அளவுக்குக் கவ்விகளை இறுக்கிவிடுகிறோம். நகரும் வகையின் உரசல் விசை ஏறத்தாழ மாறாதது, மோதுவது யார் என்று அது பார்க்காது. 400 டன்னுக்காக வைத்த அந்த 31 டன் விசையில் 100 டன் எடையுள்ள குட்டி ரயில் அதே 10 கி.மீ.யில் மோதினால், ஒன்றேகால் மீட்டரில் நின்றுவிடும். வேகம் குறையும் அளவு 0.8 இல்லை, 3 மீ/வி². நின்றிருந்தவர் எல்லோரும் கீழே. கனமானதற்குப் பஞ்சு மெத்தை, லேசானதற்குப் பலகை.

இதற்குத் தீர்வு புதிதல்ல. முதல் சட்டத்தில் குறைந்த விசை வைத்து, பின்னால் இடைவெளிவிட்டுக் கூடுதல் உரசல் கட்டைகளைத் தண்டவாளத்தில் பொருத்துவார்கள். லேசான ரயில் முதல் சில மீட்டரிலேயே நின்றுவிடும். கனமானது வழுக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு கட்டையாகத் தள்ளிச் சேர்த்துக்கொள்ளும், விசையும் படிப்படியாக ஏறும். ஆகவே வடிவமைப்புத் தாளில் கனமான ரயில், லேசான ரயில் என இரண்டு எண்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றுதான் இருந்தால் திருப்பி அனுப்பலாம்.

இதோடு இன்னொன்று: மோதும்போது மோட்டார் ஓடவில்லை என்றே பலர் வைத்துக்கொள்கிறார்கள். 2016 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஹோபோகன் நிலையத்தில் மணிக்குச் சுமார் 13 கி.மீ. வேகத்தில் உருண்டுவந்த ரயில், கடைசி 40 வினாடிக்குள் வேகம் கூட்டப்பட்டு, சுமார் 34 கி.மீ.யில் தடுப்பை மோதித் தாண்டியது. நடைமேடையில் நின்றிருந்த ஒருவர் உயிரிழந்தார். பாதை தடுப்பை நோக்கிச் சரிந்திருந்தால் அந்தச் சரிவின் இழுப்பையும் சேர்த்தாக வேண்டும். 200க்கு 1 சரிவில் 400 டன் ரயிலுக்கு அது 2 டன். சின்னதுதான், ஆனால் வழுக்கும் தூரம் முழுவதும் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும்.

வழுக்கும் இடத்தைக் காலி மனை என்று நினைப்பது

என் கணக்கில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். இதில் எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார், தானாகவே நடந்துவிடும்.

ரயில்களை நிறுத்திவைக்கும் ஒரு யார்டில் பார்த்த காட்சி மறக்கவில்லை. நகரும் வகை, புதிதாகப் பெயின்ட் அடித்து, சிவப்பு வெள்ளைப் பட்டையோடு பளிச்சென்று நின்றது. அதற்குப் பின்னால் எட்டு மீட்டர் தண்டவாளம் விட்டிருந்தார்கள், வழுக்குவதற்காக. அந்த எட்டு மீட்டரில் மாற்றிப்போட்ட பழைய ஸ்லீப்பர்கள் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டைகள்) இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஜல்லிக் குவியல். ஜல்லி கொட்டிய இடத்தில் தண்டவாளத் தலையே தெரியவில்லை. கேட்டதற்கு, "இங்கேதான் சார் இடம் சும்மா கிடக்குது" என்றார் மேஸ்திரி. அவர்மேல் குற்றமில்லை. அந்த இடம் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. குனிந்து பார்த்தால் இன்னொரு கூத்து: பெயின்ட் அடித்தவர் தாராள மனதோடு கவ்விக்குப் பின்னால் தண்டவாளத் தலையின் பக்கவாட்டிலும் நாலைந்து அடி தீட்டியிருந்தார். உரசலை நம்பி நிற்கும் கருவிக்கு உரசும் பரப்பில் பெயின்ட். கிரீஸும் அப்படித்தான். துருப்பிடிக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் தடவுவார்கள், கணக்குப் போட்ட விசை பாதி காணாமல் போகும்.

வழுக்கும் தூரத்துக்குள், இரண்டு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட் என்ற இரும்புப் பட்டை போட்ட மூட்டு இருந்தால் கவ்வி அதில் இடித்து நிற்கும். அந்த நொடியில் நகரும் தடுப்பு அசையாத் தடுப்பாக மாறிவிடும். வளைவில் வைத்தால் கவ்வி ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் நழுவும், பெட்டியின் இரண்டு பஃபரும் ஒரே நேரத்தில் தொடவும் செய்யாது. நேர்ப்பாதைதான் வேண்டும். தண்டவாளமும் ஸ்லீப்பரோடு நன்றாக இறுக்கப்பட்டிருக்க வேண்டும். விசை முழுவதும் கவ்வி வழியாகத் தண்டவாளத்துக்குத்தானே போகிறது? கிளிப் தளர்ந்திருந்தால் தடுப்பு வழுக்குவதற்குப் பதில் தண்டவாளமே நகரும்.

சிக்னல் பிரிவு சொன்னால்தான் தெரியவரும் ஒன்று: இரும்புச் சட்டம் இரண்டு தண்டவாளத்தையும் மின்சாரத்தில் இணைத்துவிடும். தண்டவாளத்தில் மின்சாரம் செலுத்தி, ரயில் நிற்கிறதா என்று கண்டறியும் டிராக் சர்க்யூட் உள்ள பாதையில் மின்காப்பு வைக்காமல் பொருத்தினால், காலிப் பாதையில் ரயில் நிற்பதாகவே பலகை காட்டிக்கொண்டிருக்கும்.

வழுக்கும் தூரத்துக்கும் அப்பால் என்ன இருக்கிறது என்பதும் கேள்விதான். 1895 அக்டோபர் 22 அன்று பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்தில் இன்ஜின் தடுப்பைத் தாண்டி, கூடத்தைக் கடந்து, சுவரை உடைத்துக்கொண்டு கீழே தெருவில் மூக்குக் குத்தி நின்றது. தெருவில் இருந்த ஒரு பெண் இறந்தார். 2020 நவம்பர் 2 அன்று நெதர்லாந்தின் ஸ்பைக்கனிசெயில், உயரப் பாதையில் வந்த மெட்ரோ ரயில் தடுப்பை உடைத்துப் போனபோது, அங்கே நிறுத்தியிருந்த திமிங்கில வால் சிற்பம் அதைத் தாங்கிப் பிடித்தது. உள்ளே பயணிகள் இல்லை, ஓட்டுநருக்கும் காயமில்லை. திமிங்கிலத்தை நம்பி வரைபடம் போட முடியாது. நடைமேடைக் கடை, டிக்கெட் கவுண்டர், மின்கம்பம், படிக்கட்டு எதுவும் முனைக்கு நேர் பின்னால் வரக்கூடாது.

முகம் பொருந்துகிறதா என்று பார்க்காமல் விடுவது

ஐரோப்பிய வழக்கத்தில் பெட்டியின் பக்கவாட்டு பஃபர்கள் இரண்டும் 1,750 மி.மீ. இடைவெளியில், தண்டவாளத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கும். நடு கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) மட்டும் உள்ள ரயிலுக்குத் தொடும் புள்ளி நடுவில் ஒன்றே ஒன்று. பக்கவாட்டு பஃபருக்காக இரண்டு தட்டு வைத்த தடுப்பில் நடு கப்ளர் ரயில் மோதினால், கப்ளர் இடைவெளிக்குள் நுழைந்துவிடும், தட்டில் முட்டுவது பெட்டியின் மெல்லிய முகப்பு. இரண்டு வகையும் வரும் பாதையில் முழு அகலக் குறுக்கு உத்தரமும் நடுத் தட்டும் தேவை.

உயரம் பிசகினால் ஏறித் தாண்டும். 2014 மார்ச் 24 அன்று சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில், ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட, ரயில் முனைத் தடுப்பைத் தாண்டி எஸ்கலேட்டரில் ஏறி நின்றது. பெட்டியில் பயணிகள் ஏறினால் வில்கள் அமுங்கி உயரம் மாறும், சக்கரம் தேய்ந்தாலும் மாறும். காலிப் பெட்டியை வைத்து ஒருமுறை அளந்துவிட்டு முடித்துக்கொள்ளக் கூடாது.

பிரேக்குக்குப் பதிலாகப் பயன்படுத்துவது

ஷன்டிங்கில், அதாவது யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும்போது, வேகன்களை "போய் முட்டி நிற்கட்டும்" என்று விடுவது, நிறுத்திவைத்த பெட்டித் தொடரான ரேக்கைத் தடுப்போடு ஒட்டிச் சாத்திவைப்பது, இரண்டும் வேண்டாம். ஹைட்ராலிக் உருளை அமுங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால், அடுத்த முட்டலுக்கு அதனிடம் மிச்சம் எதுவும் இருக்காது. சில மீட்டர் முன்னாலேயே நிறுத்தும் பலகை வையுங்கள்.

இதன் இன்னொரு முகம், நல்ல பஃபர் ஸ்டாப் இருக்கிறதே என்று வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தவிர்ப்பது. 1975 பிப்ரவரி 28 அன்று லண்டன் மூர்கேட்டில் பாதை முடிவில் மணல் படுகையும் இருந்தது, ஹைட்ராலிக் பஃபரும் இருந்தது. வேகம் குறையாமல் வந்த ரயிலுக்கு இரண்டும் ஒரு பொருட்டே இல்லை. 43 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் முனையப் பாதைகளில் வேகத்தை அளந்து தானே பிரேக் போடும் ஏற்பாட்டை அங்கே பரவலாக வைத்தார்கள். 2012 பிப்ரவரி 22 அன்று புவனோஸ் ஐரஸின் ஒன்சே நிலையத்தில் வேகம் 30 கி.மீ.க்கும் குறைவுதான். ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் பல மீட்டர் புகுந்து 51 பேர் மாண்டார்கள். பஃபர் ஸ்டாப் கடைசியில் மிச்சமிருக்கும் குறைந்த வேகத்துக்கானது. மீதியை அதற்கு முன்னால் உள்ளவைதான் கழிக்க வேண்டும்.

மோதிய பிறகு பார்க்காமல் விடுவது

பெரிய மோதல் என்றால் ஊரே கூடிவிடும். சிக்கல் சின்ன முட்டலில். இரவில் ஒரு ரேக் மெதுவாக இடித்து, தடுப்பு ஒரு சாண் நகர்ந்திருக்கும். யாருக்கும் காயமில்லை, யாரும் எழுதிவைக்கவும் மாட்டார்கள். இப்படி நாலு முறை நடந்தால் எட்டு மீட்டரில் ஒரு மீட்டர் போயிருக்கும். இதற்கு மலிவான வழி: தடுப்பைப் பொருத்திய அன்றே, தண்டவாளத்தின் அடித்தட்டில், கவ்வி நிற்கும் இடத்துக்கு நேராக ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். போல்ட் தலையிலிருந்து சட்டத்துக்கும் குறுக்கே ஒரு கோடு. பாதையைப் பார்க்க வருபவர் நின்ற வாக்கிலேயே கண்டுபிடிப்பார். அடித்தட்டுக் கோடு பிரிந்திருந்தால் தடுப்பு நகர்ந்திருக்கிறது, போல்ட் கோடு திரும்பியிருந்தால் இறுக்கம் தளர்ந்திருக்கிறது. ஹைட்ராலிக்கில் பார்க்க வேண்டியது பிஸ்டன் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு, அடியில் ஜல்லியில் கறுத்த திட்டு, தண்டு முழுவதும் வெளியே திரும்பி வந்திருக்கிறதா என்பது.

நகர்ந்ததைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்போது இன்ஜினைக் கட்டி இழுக்காதீர்கள். போல்ட்டைத் தளர்த்தி, சட்டத்தை நகர்த்தி, கவ்வியின் தேய்மானத்தைப் பார்த்து, தண்டவாளத் தலையில் உரசிப் பெயர்ந்த இரும்புச் சிராய்களைச் சுத்தம் செய்து, பிறகு தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். நீளமான குழாயை ஸ்பானரில் செருகி "கை வலிக்கிற வரைக்கும்" இறுக்குபவர்கள் உண்டு. அதிகம் இறுக்கினால் லேசான ரயில் அடி வாங்கும், குறைந்தால் கனமான ரயில் எட்டு மீட்டரையும் தாண்டும். முறுக்கி முடித்ததும் பழைய வெள்ளைக் கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு போடுங்கள். இரண்டு கோடும் கிடந்தால் அடுத்து வருபவர் எதை நம்புவார்?