தெரு முழுக்க ஒரே கணக்கு: மதுரையில் மிகை மின்சாரக் குடியிருப்பைத் திட்டமிடுவது எப்படி?

செலவழிப்பதைவிட அதிக மின்சாரத்தை வருஷம் முழுக்கத் தயாரிக்கிற குடியிருப்பு வேண்டுமென்றால் வீடு வீடாகக் கணக்குப் போட்டு ஆகாது, தெருவை மொத்தமாகப் பாருங்கள். கே.கே. நகரில் பெரிய மொட்டை மாடி உள்ள வீட்டில் இரண்டு பேர்தான் இருப்பார்கள், பக்கத்து அடுக்குமாடியில் பன்னிரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே மாடிதான், அதனால் இவர் மாடி அவர்களுக்கும் சேர்த்துத்தான் உழைக்க வேண்டும்.

முதலில் சங்கக் கூட்டத்தில் எல்லார் வீட்டு ஈபி பில்லையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஆக ஆறு இருந்தால் ஒரு வருஷக் கணக்கு வந்துவிடும். 40 வீடு, பில்லுக்குச் சராசரி 400 யூனிட் என்றால் வருஷத்துக்கு 96,000 யூனிட். தெருவிளக்கு, போர் மோட்டார், லிஃப்ட் எதையும் விடாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் வருஷம் சுமார் 1,400 யூனிட் தரும், அதற்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். இந்தத் தெருவின் வீடுகளுக்கு மட்டுமே 70 கிலோவாட், 7,000 சதுர அடி.

இதைப் பார்த்ததும் பேனல் விலை கேட்கக் கிளம்ப வேண்டாம், குறைப்பதுதான் மலிவு. 75 வாட் பழைய விசிறிக்குப் பதில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி விசிறி போட்டால், தினம் 12 மணி நேரம் ஓடும் விசிறி ஒன்றுக்கு வருஷம் 200 யூனிட் அளவுக்கு மிச்சம். வீட்டுக்கு இரண்டு மாற்றினாலே தெருவுக்கு 16,000 யூனிட், அதாவது 11 கிலோவாட் பேனலே தேவைப்படாது! மாடிக்கு வெள்ளைப் பூச்சும் அடித்துவிடுங்கள், சித்திரை வெயிலில் மேல்மாடி ஏசி ஓடும் நேரம் குறையும்.

அப்புறம் பேனல். தெற்கு பார்த்து, 10 டிகிரி போலச் சாய்வு. தண்ணீர்த் தொட்டி வடக்கு ஓரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் அதன் நிழல் பேனலில் விழும். மாசி வீதிகளுக்கு உள்ளே வீடுகள் நெருக்கம், பக்கத்துக் கட்டடம் மறைக்கும், அங்கே பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் போன்ற பெரிய கூரைகளைத் தேடுங்கள். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு தாங்கும் என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்பே விசாரித்துவிடுங்கள். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் போடும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். குடியிருப்போர் சங்கம் பொதுத் தேவைக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000.

கரியமில வாயுக் கணக்கையும் நேர் செய்ய வேண்டுமானால் சிலிண்டரையும் பெட்ரோலையும் சேர்க்க வேண்டும். ஒரு வீட்டுச் சிலிண்டரில் உள்ள கேஸ் எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வரும். கிரிட், அதாவது மின்வாரியக் கம்பி வழியாக வரும் மின்சாரம், யூனிட்டுக்கு 0.7 கிலோ போல, ஆக ஒரு சிலிண்டரை ஈடுகட்ட நீங்கள் 60 யூனிட் உபரியாகக் கிரிட்டுக்குக் கொடுத்தாக வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பும் மின்சார ஸ்கூட்டரும் வந்தால் அந்தச் சுமை குறையும், ஆனால் மின் தேவை கூடும், அதையும் முதல் கணக்கிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்.

வாடகை வீடுகளில் பேச்சை முன்னாலேயே முடியுங்கள்: பேனல் போடுவது உரிமையாளர், பில் குறைவது குடியிருப்பவருக்கு, இருவரும் எப்படிப் பங்கிடுவது என்று எழுதி வைக்காமல் கிணறு வெட்டினால் பூதம்தான் கிளம்பும். மோட்டார் போடுவது, ஸ்கூட்டர் சார்ஜ் ஏற்றுவது எல்லாம் பேனல் நன்றாக ஓடும் காலை 10 முதல் மதியம் 3-க்குள் என்று சங்கத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள்.