உதிரிப்பூவுக்கு ஜாடி எதற்கு? மார்கழி அலங்காரத்துக்குப் பரண் சாமான் போதும்

கடையில் வாங்கிய கண்ணாடி ஜாடியில் சாமந்தியை வைக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காம்பு எட்டாது. நம் பூ மார்க்கெட்டுக்குச் சாமந்தி, செண்டுமல்லி எல்லாம் தலை மட்டும் கிள்ளப்பட்டு, உதிரியாக, எடைக்கு வருகின்றன. அரை அங்குலக் காம்பு இருந்தாலே அதிகம். நீளக் காம்புக்கென்று செய்த ஜாடியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, வாய் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதைத் தேடுங்கள். பரணிலும் கொல்லையிலும் அது ஏற்கெனவே கிடக்கும். மூலையில் தள்ளிய ஆட்டுக்கல், விளிம்பு நசுங்கிய தாம்பாளம், பானை ஓட்டையாகிப் போன இட்லித் தட்டுகள், கொட்டாங்குச்சி, முட்டை அட்டை என்று எதுவும் ஆகும்.

எந்தப் பூ, எப்படிப் பார்த்து வாங்குவது

மார்கழியிலும் தையிலும் கைகொடுப்பவை சாமந்தியும் செண்டுமல்லியும். பனியில் மல்லிகை விளைச்சல் படுத்து விலை ஏறி நிற்கும் மாதங்கள் இவை. அதைத் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் கொட்ட வேண்டாம். டிசம்பர் பூவின் ஊதா நிறத்துக்கு ஈடில்லை, ஆனால் காலையில் பறித்தது மாலைக்குள் துவண்டுவிடும். வீட்டில் செடி இருந்தால் மட்டும் அதைச் சேருங்கள். அரளி பார்க்க அழகு, ஆனால் பூ, இலை, பால் எல்லாமே நஞ்சு. சின்னக் குழந்தைகளோ நாய் பூனையோ நடமாடும் வீட்டில் அதைத் தண்ணீரில் மிதக்க விடக் கூடாது.

சாமந்தியை வாங்கும்போது மேலே பார்க்காதீர்கள், கவிழ்த்துப் பாருங்கள். அடியிலுள்ள பச்சைக் கிண்ணம் கெட்டியாக இருக்க வேண்டும். வெளி இதழ்கள் பழுப்பேறி, தொட்டதும் கையோடு வந்தால் அது முந்தாநாள் பூ. நடுப்பகுதி இன்னும் முழுக்க விரியாமல் இறுகி இருப்பதுதான் 3 நாள் தாங்கும்.

முதல் நாள் மாலையே வாங்கினால் பூவை நனைக்காதீர்கள். இதழ்களுக்கு நடுவே தேங்கும் ஈரம்தான் மறுநாள் காலைக்குள் பூவைக் கருக்கும். ஈரத்துணியைப் பிழிந்து எவர்சில்வர் டப்பாவின் அடியில் விரித்து, மேலே காய்ந்த துணி ஒன்றைப் போட்டு, அதன்மேல் பூவைப் பரப்பி மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வாங்கிவந்த பிளாஸ்டிக் கவரோடு வைத்தால் உள்ளே வியர்த்து அழுகும்.

ஆட்டுக்கல், தாம்பாளம்: மிதக்கும் பூ

ஆட்டுக்கல்லை நகர்த்தும் எண்ணம் வேண்டாம், அது இருக்கும் இடத்திலேயே அலங்காரம் அமையட்டும். குழவியை எடுத்துவிட்டு, குழியைச் சீயக்காய்த்தூள் போட்டுத் தேங்காய் நாரால் தேயுங்கள். பழைய மாவும் எண்ணெயும் கல்லின் கொத்தல்களுக்குள் ஒளிந்திருக்கும். அது போகாவிட்டால் தண்ணீர் ஒரே இரவில் கலங்கி நாறும். குழி ஆழமாக இருந்தால் கழுவிய கூழாங்கல்லை நிரப்பி, மேலே நாலு விரற்கடைத் தண்ணீர் மட்டும் நிற்கிற மாதிரி செய்யுங்கள். பூவுக்கு அதற்குமேல் தண்ணீர் தேவையே இல்லை.

பித்தளைத் தாம்பாளமோ உருளியோ என்றால் முதலில் புளி போட்டுத் துலக்குங்கள். இரும்புச் சட்டியைத் தவிர்ப்பது நல்லது. துரு இறங்கி, வெள்ளைச் சாமந்தியின் விளிம்பில் காவிக்கோடு விழும்.

இனி வரிசை முக்கியம். தண்ணீரை முதலில் ஊற்றி, அலை அடங்கியபின் பூவை வையுங்கள். பூவைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் இதழ்களுக்குள் நீர் புகுந்து பாதிப் பூ மூழ்கும். ஒவ்வொரு பூவின் காம்பையும் பச்சைக் கிண்ணத்தை ஒட்டி நகத்தால் கிள்ளிவிடுங்கள். மிச்சம் விட்ட துண்டுக் காம்புதான் பூவை ஒருபக்கம் சாய்க்கிறது. கிண்ணத்தையே கிள்ளிவிட்டால் இதழ் மொத்தமும் பிரிந்துவிடும், பார்த்துச் செய்யுங்கள்.

அடுக்கிய கோலம் பத்து நிமிடத்தில் கலைந்து பூவெல்லாம் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. தண்ணீர் விளிம்புக்குக் கீழே நிற்கும்போது பாத்திரத்தின் சுவரை ஒட்டி அது சற்றே மேலேறி நிற்கும். மிதக்கிற இலேசான எதுவும் அந்த மேட்டை நோக்கித்தான் நகரும். விளிம்பு தளும்பத் தளும்ப ஊற்றினால் நேர்மாறாக நடுவுக்கு வரும். இரண்டுமே நமக்கு வேண்டாம் என்றால் ஈர்க்குச்சி வளையம் போடுங்கள். துடைப்பத்திலிருந்து நீளமான ஈர்க்குகளை உருவி, அரைமணி நேரம் ஊறவைத்து, வட்டமாக வளைத்து முனைகளை நூலால் கட்டினால் அது மிதக்கும் வேலி ஆகிவிடும். ஊறாத ஈர்க்கு வளைக்கும்போதே ஒடியும். 30 செ.மீ. விட்டமுள்ள உருளிக்கு 10 செ.மீ., 20 செ.மீ. என்று 2 வளையம் போதும். நடுவட்டத்தில் செண்டுமல்லி, அடுத்ததில் வெள்ளைச் சாமந்தி, வெளியே ரோஜா இதழோ வேப்பிலையோ. முழுக்கப் பூவாலேயே நிரப்பினாலும் நடுத்தர அளவுச் சாமந்தி 40 பக்கம்தான் பிடிக்கும். அதனால் கால் கிலோ வாங்கினால் கழித்துப்போட்டதும் போக மிஞ்சும்.

நடுவில் விளக்கு வைப்பவர்கள் சுடருக்கும் பூவுக்கும் இடையே ஒரு சாண் இல்லாவிட்டாலும் அரைச் சாணாவது விடுங்கள். காய்ந்த இதழ் சட்டென்று பற்றும்.

தண்ணீரைத் தினமும் மாற்றியே ஆக வேண்டும். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன ஈரத்தில் டெங்குக் கொசு தேடுவது இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரைத்தான். அதன் முட்டை தண்ணீரில் மட்டுமல்ல, பாத்திரத்தின் சுவரிலும் ஒட்டியிருக்கும். ஆகவே கொட்டிவிட்டு அப்படியே நிரப்பாமல், உட்புறத்தை நாரால் ஒரு தேய் தேய்த்துவிட்டு நிரப்புங்கள். ஆட்டுக்கல்லில் கூழாங்கல்லையும் வெளியே எடுத்து அலச வேண்டும். வேலைதான், வேறு வழியில்லை. பூவை ஒரு கரண்டியால் அள்ளித் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீரை மாற்றினால் அதே பூ திரும்ப உதவும். மூன்றாம் நாள் அடிப்பக்கம் கொழகொழத்ததும் செடித்தொட்டிக்குப் போகட்டும்.

இட்லித் தட்டு அடுக்கு

பானை போய்த் தட்டு மட்டும் மிஞ்சிய வீடுகளுக்கு இது. மூன்று தட்டு அடுக்கு நடுத்தண்டோடு இருந்தால் பூந்தண்டு தயார். பழைய வேட்டியிலிருந்து குழியின் அளவுக்கு வட்டத்துண்டுகள் வெட்டி, இரண்டிரண்டாக நனைத்துப் பிழிந்து குழியில் போடுங்கள். ஒரு குழிக்கு ஒரு பெரிய பூ, இல்லை 3 சின்னப் பூ. அடுக்கும்போது மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் இடைவெளிக்கு நேராக வருமாறு திருப்புங்கள், இட்லி அவிக்கும் அதே கணக்கு. நேர்க்குநேர் வைத்தால் பூ நசுங்கும். மாலையில் ஒரு கரண்டித் தண்ணீரைத் துணியின்மேல் மட்டும் விட்டால் போதும். துளைவழியே சொட்டும் என்பதால் அடியில் ஒரு தட்டு அவசியம். மரமேசையில் நேராக வைத்துவிட்டு மறுநாள் வெள்ளை வட்டத்தைப் பார்த்து வருந்த வேண்டாம்.

கொட்டாங்குச்சித் தொங்கல்

தேங்காய் உடைத்தால் கண் உள்ள பாதி, கண் இல்லாத பாதி என இரண்டு கிடைக்கும். தண்ணீர் நிற்க வேண்டுமானால் கண் இல்லாததை எடுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெல்லியது, அது ஒழுகும். வேறு கிடைக்காவிட்டால் உள்பக்கமாக மெழுகை உருக்கி விட்டு அடைக்கலாம். வெளி நாரைக் கத்தியால் சுரண்டி, முதலில் 80 எண் உப்புத்தாளிலும் பிறகு 220 எண்ணிலும் தேய்த்து, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் கருமினுக்கம் வரும். விளிம்பிலிருந்து 1 செ.மீ. கீழே, சம தூரத்தில் 3 துளை. ஆணி வைத்து அடித்தால் ஓடு பிளக்கும். துளைக்கருவி இல்லையென்றால் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சிமெண்டுத் தரையில், ஜன்னலைத் திறந்துவைத்து, இடுக்கியால் பிடித்துச் செலுத்துங்கள். சணல்கயிற்றை மூன்றிலும் கோத்து மேலே ஒரே முடிச்சாகப் போடுங்கள். துளைக்குக் கீழேதான் தண்ணீர் நிற்க வேண்டும், இதை மறந்துதான் பலர் தரையைத் துடைக்கிறார்கள். டிசம்பர் பூவுக்கு இதைவிடப் பொருத்தமான கிண்ணம் கிடையாது, கறுப்புக்குள் ஊதா.

கோலத்தில் பூசணிப்பூ, சாணம் கிடைக்காத ஊரில்

சாணிப் பிள்ளையாரின் தலையில் பூசணிப்பூவைச் செருகுவது மார்கழி வாசலின் வழக்கம். அடுக்குமாடியில் சாணத்துக்கு எங்கே போவது? தண்ணீர் பாட்டில் மூடிகளைச் சேர்த்து வைத்து, அதில் ஈரக் களிமண்ணை அழுத்தி நிரப்புங்கள். கோதுமை மாவு வேண்டாம், எறும்பு வரிசை கட்டும். பூவின் காம்பை இரண்டு விரற்கடை விட்டு வெட்டி நடுவில் செருகுங்கள். பூ தலைகனத்தது, காம்பு நீண்டால் மூடியோடு கவிழும். சாய்ந்தால் இரண்டு மூடிகளை அருகருகே வைத்து நடுவில் களிமண்ணால் பிணையுங்கள்.

பறிப்பதில் ஒரு நிதானம் வேண்டும். மெல்லிய நீளக் காம்பில் நிற்பது ஆண்பூ. அடியில் குட்டிப் பிஞ்சு உருண்டிருப்பது பெண்பூ, அதைத் தொட்டால் காய் போச்சு. ஆண்பூவிலும் எல்லாவற்றையும் பறித்துவிடாமல் கொடியில் சிலவற்றை விட்டுவைத்தால்தான் மகரந்தம் சேரும். விடியுமுன் விரியும் பூ வெயில் ஏற ஏறக் கூம்பிவிடும், ஆகவே கோலம் போட்டு முடித்தபின் கடைசியாகப் பறித்து வையுங்கள்.

முட்டை அட்டைப் பூ

பொங்கல்வரை நிற்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு. 30 முட்டை அட்டை ஒன்றில் 30 கிண்ணமும், அவற்றுக்கு இடையே 20 கூம்பும் இருக்கும். கூம்புகளைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அவைதான் பூவின் நடுப்பகுதி. கிண்ணத்தை வெட்டி எடுத்து, விளிம்பிலிருந்து அடிவரை நாலு வெட்டு போட்டு, ஒவ்வொரு மடலின் நுனியையும் வளைவாகக் கத்தரியுங்கள். ஒரு கிண்ணத்துக்குள் இன்னொன்றைச் சற்றுத் திருப்பி ஒட்டினால் எட்டு இதழ். நடுவில் கூம்பைச் சின்னதாக வெட்டி ஒட்டுங்கள். இப்படி ஒரு அட்டைக்கு 15 பூ தேறும்.

வண்ணம் பூசுமுன் ஒரு பங்கு பெவிகாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து இரண்டு பக்கமும் தடவி, ஒரு முழுநாள் காய விடுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் அட்டை வண்ணத்தை உறிஞ்சி மங்கும். மார்கழிப் பனி இரண்டே இரவில் அதைக் கஞ்சியாக்கும். தடவினாலும் கூரைக்குக் கீழே தொங்கவிடுவதுதான் உத்தமம், மொட்டைமாடிக் கம்பிக்கு இது தாங்காது. பழைய முட்டைக்கறை படிந்த கிண்ணங்களைக் கழித்துவிடுங்கள், நாற்றம் வண்ணத்தையும் மீறி வரும்.

கம்பி ஹேங்கரில் பூளைப்பூ வளையம்

போகிக்குப் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டும் ஊர்களில் இந்தச் செடிகளை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அந்தக் கொத்தையே வாசல் வளையமாகச் செய்யலாம். சலவைக் கடைக் கம்பி ஹேங்கரைப் பிரிக்காமல், கீழ்ப்பட்டையைப் பிடித்து இழுத்து வட்டமாக்குங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. விட்டம் வரும், கொக்கி மாட்டுவதற்கு ஆகும். வெறும் கம்பியில் கொத்து வழுக்கும். பழைய பருத்திப் புடவையை இரண்டு விரல் அகலம் கிழித்து வளையம் முழுக்க இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

பூளைப்பூவை ஒரு சாண் நீளக் கொத்துகளாக, கொத்துக்கு 5, 6 கிளை வீதம் கட்டி வையுங்கள். முதல் கொத்தை வளையத்தில் வைத்து வாழைநாரால் மூன்று சுற்று. அடுத்த கொத்தின் தலை முந்தையதன் கட்டை மறைக்க வேண்டும். எல்லாம் ஒரே திசையில். 14 முதல் 16 கொத்து வரை பிடிக்கும். வாழைநாரை நனைத்துக் கட்டினால் முடிச்சு நன்றாக விழும், ஆனால் பூவைக் காயவைத்துக் கட்டுங்கள். பச்சையாகக் கட்டினால் ஒரு வாரத்தில் சுருங்கிக் கட்டு தளரும்.

நிறத்துக்கு வாடாமல்லி. கொத்தாகக் கட்டி, வெயில் படாத, காற்றோடும் அறையில் தலைகீழாக இரண்டு வாரம் தொங்கவிட்டால் ஊதா அப்படியே நிற்கும். மழை ஈரம் விலகாத மார்கழி ஆரம்பத்தில் இதைச் செய்தால் பூஞ்சணம் பிடிக்கும், வானம் வெளுத்தபின் தொடங்குங்கள். ஆவாரம்பூவும் வேப்பிலையும் காய்ந்ததும் உதிரக்கூடியவை, அவற்றைக் கடைசியில் செருகினால் தனியே எடுத்து மாற்றலாம்.

பூளைப்பூ பஞ்சாகப் பிரியத் தொடங்கினால் வளையத்தைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது. கழற்றுமுன் பழைய தலையணை உறையைக் கீழிருந்து மேலாகப் போர்த்தி, வாசலுக்கு வெளியே கொண்டுபோய்ப் பிரியுங்கள். மின்விசிறி ஓடும் கூடத்தில் உதறினால் ஒரு வாரம் பெருக்க வேண்டியிருக்கும்.