உங்கள் வரம் எது என்று கண்டுபிடிக்க, முதலில் ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள்

ஆவிக்குரிய வரங்கள், அதாவது சபைக்கு ஊழியம் செய்யப் பரிசுத்த ஆவியானவர் விசுவாசிகளுக்குக் கொடுக்கும் திறன்கள், என்று பேச்செடுத்தாலே பலருக்கு அந்நியபாஷையும் (கற்காத மொழியில் பேசுவது) தீர்க்கதரிசனமும் (தேவன் தந்த செய்தியைச் சொல்வது)தான் நினைவுக்கு வரும். ஒரு நாள் உட்கார்ந்து வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 12, ரோமர் 12, எபேசியர் 4, 1 பேதுரு 4 நான்கையும் சேர்த்து வாசியுங்கள். எந்தப் பட்டியலும் இன்னொன்றோடு அப்படியே ஒத்துப்போகாது. ஒன்றில் குணமாக்குதலும் அற்புதங்களும் இருந்தால், இன்னொன்றில் பகிர்ந்துகொடுப்பதும் இரக்கம் செய்வதும் இருக்கும். இதுதான் முழுப் பட்டியல் என்று பவுலோ பேதுருவோ எழுதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, உங்கள் வரம் எது? கேள்வித்தாள் நிரப்பினால் உங்களுக்குப் பிடித்தது எது என்று தெரியும், அவ்வளவுதான். சபையில் ஆள் இல்லாமல் கிடக்கிற ஒரு வேலையை எடுத்துச் சில மாதம் செய்யுங்கள்: ஞாயிறு பள்ளி வகுப்பு, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, கணக்கு எழுதுவது, எதுவானாலும் சரி. அப்புறம், முகஸ்துதி செய்யாத ஓரிருவரிடம் இதனால் யாருக்காவது பிரயோஜனம் இருந்ததா என்று கேளுங்கள். பிறருக்குப் பயன்பட்டதா என்பதுதான் அளவுகோல் (1 கொரிந்தியர் 12:7), நமக்கு எவ்வளவு சிலிர்த்தது என்பதல்ல.

வரங்களைச் சபைக் கூட்டத்தில் பயன்படுத்த 1 கொரிந்தியர் 14 தெளிவாக ஒழுங்கு சொல்கிறது. அந்நியபாஷையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர்பின் ஒருவராக. அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் பேசாமல் இருக்க வேண்டும். தீர்க்கதரிசனமும் இரண்டு மூன்று பேரோடு சரி, மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்க வேண்டும். ஆகவே "கர்த்தர் சொன்னார்" என்று ஒருவர் உங்கள் திருமணத்தையோ வேலையையோ பற்றிச் சொன்னால் உடனே முடிவெடுக்காதீர்கள், சபையை நடத்தும் மூப்பர்களிடம் கொண்டுபோங்கள். கேள்வியே கேட்கக் கூடாது என்று அவர் கோபப்பட்டால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். காணிக்கை கேட்டால் எழுந்து வந்துவிடலாம். பணம் கொடுத்து வரம் வாங்க நினைத்த சீமோனைப் பேதுரு எப்படிக் கடிந்துகொண்டார் என்று அப்போஸ்தலர் 8-ல் இருக்கிறது. (அந்நியபாஷை, தீர்க்கதரிசனம் போன்ற வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன என்று நம்புகிற சபைகளும் உண்டு. உங்கள் சபை அப்படியானால் அங்கே போய் வாக்குவாதம் செய்ய வேண்டாம்.)

குணமாக்குதலுக்காக ஜெபிக்கிறவர்களுக்கு ஒன்று: சுகம் வரவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்று நோயாளியின் தலையில் பழியைப் போடாதீர்கள், மாத்திரையை நிறுத்தவும் சொல்லாதீர்கள். பவுலே தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதிக்காரனாக மிலேத்து என்ற ஊரில் விட்டுவிட்டுத்தான் வந்தார், இன்னொரு உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். ஜெபித்துவிட்டு, மருத்துவமனைக்குத் துணைக்கு யார் போவது என்றும் அங்கேயே பேசி முடியுங்கள்.