சோல்-ஜெல் பைண்டர்: தொட்டுப் பார்த்துட்டு ஃபர்னஸ்ல வைக்காதீங்க

போன வாரம் லேப்ல புதுசா சேர்ந்த பையன் உடைஞ்ச அலுமினா குரூசிபிள (சூடு தாங்குற கிண்ணம்) ஏந்திக்கிட்டு வந்து "அண்ணா, பவுடர் சரியில்ல"ன்னான். நானும் இதே டயலாக்க பேசுனவன்தான், தப்பு பெரும்பாலும் பைண்டர கையாளுறதுலதான், அதான் அந்தத் தப்புகள எழுதுறேன். சோல்-ஜெல் பைண்டர்னா, திரவமா (சோல்) இருந்து ஜெல்லா இறுகி பவுடர ஒட்ட வைக்குற சிலிக்கா பசை. கிளவுஸ் போடு, லேபிள் ஒட்டுன்னெல்லாம் சொல்லப் போறதில்ல.

எத்தில் சிலிகேட்ல தண்ணிய நேரா ஊத்துறது

சோல் செய்ய ஆரம்பிக்குற இந்த திரவம் தண்ணில எண்ணெய் மாதிரி தனியா மிதக்கும். எத்தனாலோ ஐபிஏவோ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) சேர்த்தாதான் ரெண்டும் கலக்கும். அப்புறம் சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு கலக்கிக்கிட்டே இருங்க, பீக்கர் கைக்கு வெதுவெதுன்னு தெரிஞ்சா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

அமோனியா

கடைசில. இது விட்டா சோல் சீக்கிரம் ஜெல்லாயிடும், அதனால மோல்ட் (அச்சு) ரெடியான பிறகு.

காஞ்சிருச்சுன்னு நம்புறது

இத நினைச்சா இப்பவும் எரிச்சல் வருது. மேல தொட்டா கல்லு மாதிரி இருக்கும், உள்ள நானோமீட்டர் சைஸ் துளைகள்ல தண்ணியும் ஆல்கஹாலும் அப்படியே உக்காந்திருக்கும். துளை சின்னதாக ஆக திரவம் சுவர இழுக்குற இழுப்பு ஜாஸ்தி, அவசரப்பட்டா ஓரம் முதல்ல சுருங்கி நடு அப்படியே நிக்கும், விரிசல் விடும். அதோட விட்டாங்களா, நேரா ஃபர்னஸ்ல வேற வைப்பாங்க. நான் வெச்சேன். 11 குரூசிபிள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், நிமிஷத்துக்கு 10 டிகிரி போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன், திரும்பி வந்தா உள்ள சோளம் பொரியுற சத்தம். ஒண்ணு மட்டும் முழுசா தப்பிச்சுது, அதையும் உடைச்சுப் பார்த்தா நடுவுல கருப்பு, எரியாம மாட்டிக்கிட்ட கார்பன். ஆல்கஹால் ஆவி மூடுன ஃபர்னஸ்ல தீப்பிடிக்காம போனது என் அதிர்ஷ்டம்.

இப்ப விரல நம்புறதில்ல, தராசுதான். துளை போட்ட கவர் மூடி ரெண்டு நாள் வெளிய, அப்புறம் ஓவன்ல 60, அடுத்து 110, ரெண்டு மணி நேர இடைவெளில ரெண்டு தடவ எடை ஒண்ணா வந்தாதான் ஃபர்னஸ். 500 வரைக்கும் நிமிஷத்துக்கு 1 டிகிரி, ஏன்னா மிச்ச ஆர்கானிக் பெரும்பாலும் 300க்கும் 500க்கும் நடுவுலதான் எரியும்.

110லயே நிறுத்திட்டு "பைண்டர் வீக்"னு சொல்றது

சூடு ஏறும்போதுதான் பக்கத்து பக்கத்து சிலனால்கள் (சிலிக்கான்ல ஒட்டியிருக்குற OH குழுக்கள்) தண்ணிய கக்கிட்டு சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான்னு கைகோக்கும். பலமே அங்கதான் வருது.

குவார்ட்ஸ் ஃபில்லர்

கலவைல சேர்க்குற குவார்ட்ஸ் தூள் 573 டிகிரில திடீர்னு ஊதும். அந்த இடத்துல மெதுவா போங்க, இறங்கும்போதும்.

கொலாய்டல் சிலிக்காவ உறைய விடுறது

இது தண்ணில சிலிக்கா நானோ துகள்கள் மிதக்குற ரெடிமேட் சோல். குளிர்ல உறைஞ்சா தூக்கிப் போடுங்க. திரும்ப சோல் ஆகாது.